ஜன்னலோர மேசை

எனக்கு முட்டை சரியாக நாலு நிமிடம் வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி நான் எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். தார்ன்சீயில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். முப்பத்தோரு வருடமாக, செப்டம்பர் இரண்டாவது வாரம், மிஸஸ் பார்கெட்டரின் விடுதிக்கு வருகிறேன். அதே அறை, கடலைப் பார்த்த அதே ஜன்னலோர மேசை. வருடத்தின் மீதி ஐம்பத்தோரு வாரத்தையும் அந்த மேசையை நினைத்துத்தான் ஓட்டுகிறேன்.

இந்த முறை அதில் டிரான்டர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“புதுசா வந்திருக்காரு, கடலைப் பார்த்துக்கிட்டே சாப்பிடணும்னு ஆசைப்பட்டாரு. நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கல்ல, மிஸ்டர் லாம்பர்ன்?” என்றார் மிஸஸ் பார்கெட்டர்.

“சேச்சே, அதுல என்னங்க இருக்கு,” என்றேன். சமையலறைக் கதவோரம் எனக்கு இடம் போட்டார். மூன்று நாள் மீன் பொரிக்கிற புகையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வயிறு பற்றி எரிந்தது. முகத்தில் காட்டவில்லை, எங்களை அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் டிரான்டரே கூப்பிட்டார். “ஏன் சார் அந்தப் புகையில உக்காந்திருக்கீங்க? இங்க வாங்க, எடம் இருக்கு.”

என் மேசைக்கு என்னையே விருந்தாளியாக அழைக்கிறார். என்ன பெருந்தன்மை பாருங்கள். நன்றி சொல்லி, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்தேன்.

கடல் உள்வாங்கும்போது எதிரே இருக்கிற திட்டுக்கு மணலில் நடந்தே போய் வரலாம். தண்ணீர் திரும்பும் நேரத்தை மிஸஸ் பார்கெட்டர் தினமும் காலையில் கூடத்துப் பலகையில் சாக்கட்டியால் எழுதிவைப்பார். நான்காம் நாள் 10.30 என்று இருந்தது. பத்தில் இருந்த சுழியை அழித்துவிட்டு இரண்டு போட்டேன். டிரான்டர் பலகையைப் பார்த்தார். “ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கே,” என்று சந்தோஷமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேசை காலியாக இருந்தது. உட்கார்ந்து தேநீர் வரவழைத்தேன். பத்தே முக்காலுக்கு அவர் மணலில் பாதி வழியில் நின்றார், சுற்றிலும் தண்ணீர். ஜன்னலைப் பார்த்துத் தொப்பியை ஆட்டினார். கண்டும் காணாததுபோல் இருந்தால் நன்றாக இருக்காது. நானும் கையசைத்தேன். கொஞ்ச நேரத்தில் கடல் மட்டும் இருந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் தேநீர் குடித்ததே இல்லை.

‘அது என் இடம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுந்து போயிருப்பாரே என்கிறீர்கள். போயிருப்பார்தான். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரைப் பாதியில் எழுப்புவதா? அவ்வளவு ஈவிரக்கம் இல்லாதவன் நான் இல்லை, இன்ஸ்பெக்டர்.