படம் பிந்தி வந்தது

அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர்: நானும் வாத்தியாரும். சுவருக்கு அந்தப் பக்கம், இயந்திரத்தின் வாயருகே, என் அத்தான். மேற்பார்வையாளர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்தக் கடை டீ வாயில் வைக்க முடியாது, ஆனாலும் போவார்.

வாத்தியார் எங்கும் பாடம் நடத்தியவர் அல்ல. யார் எதைச் செய்தாலும் திருத்துவார், அதனால் அந்தப் பெயர். பழைய கார்களைக் கடித்துத் துண்டாக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர். ஒரு முறை இரும்புத் துண்டு பறந்து வந்து அறைக் கண்ணாடியை உடைத்தது. அன்றிலிருந்து ஜன்னலுக்குப் பதில் தகரம்; கண்ணுக்குப் பதில் கேமராவும் கணினித் திரையும். ஏதாவது சிக்கினால் வாத்தியார் நிறுத்துவார். அத்தான் கம்பியோடு உள்ளே இறங்கி எடுத்துவிட்டு, மேலே வந்து கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குவார். வாத்தியார் பொத்தானை அமுக்குவார். முன்பெல்லாம் அதற்கு முன் ஹாரன் அடிக்கும். அக்கம்பக்கத்தில் புகார் வந்ததும் கழற்றிவிட்டார்கள். கணினிகள் என் பொறுப்பு.

அத்தானுக்கு ஒரு பழக்கம். கையைத் தூக்கிய பிறகும் மனம் கேட்காமல் இன்னொரு தடவை இறங்கிப் பார்ப்பார்.

"யோவ், கையத் தூக்கிட்டா வெளிய நிக்கணும்யா. மாமியார் வீட்ல விட்ட செருப்பையா தேடுற?" என்பார் வாத்தியார் மைக்கில்.

"எனக்கு ஏது வாத்தியாரே மாமியார்? மச்சான் ஒருத்தன்தான். அவனே பத்து மாமியாருக்குச் சமம்."

நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவை.

அத்தான் கெட்டவர் அல்ல. அந்தப் பக்கம் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். குடிக்க மாட்டார். அக்காவை அதட்டிக்கூடப் பேசியதில்லை. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து படுத்தபோதும், ஒரு வார்த்தை கேட்காமல் சோற்றை மூடி வைத்தவள். அத்தான் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு அவள் மாறினாள். சத்தமாகச் சிரித்தாள். நான் வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்தாள். இது அவளுக்கு நல்லதல்ல என்று எனக்குப் பட்டது.

பிறகு அத்தானுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வீடும் பார்த்துவிட்டார்.

"இனிமேலாவது சமைக்கக் கத்துக்கோடா," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கணினியின் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். சாதாரணமாக அது தகவலை நேராக நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும். அதற்கு டிஎம்ஏ என்று பெயர். பிஐஓ என்று இன்னொரு முறை உண்டு. அதில் ஒவ்வொரு துணுக்கையும் கணினியின் மூளையான செயலியே சுமக்க வேண்டும். கடை முதலாளி கல்லாவை விட்டு இறங்கி மூட்டை தூக்குகிற மாதிரி. கடை திறந்துதான் இருக்கும், வந்தவர்கள் நிற்பார்கள். எங்கள் மென்பொருள் படத்தை முதலில் வட்டில் எழுதி, பிறகு அங்கிருந்து எடுத்துத்தான் திரையில் காட்டும். அன்று காலை அமைப்புகளில் 'பிஐஓ மட்டும்' என்று மாற்றிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினேன். திரையில் படம் சில நொடிகள் பிந்த ஆரம்பித்தது. சீராகத்தான் ஓடியது, பிந்தி ஓடியது. வட்டு தேய்ந்து பிழைகள் கூடினால் கணினியே இந்த முறைக்கு இறங்கிவிடும் என்பதால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

மத்தியானம் ஒரு காரின் அச்சு சிக்கியது. அத்தான் இறங்கினார். திரையில் அவர் மேலே வந்து கையைத் தூக்கினார். வாத்தியார் பொத்தானை அமுக்கினார்.

சத்தம் முதலில் வந்தது. இரும்பு அரைபடும் சத்தம் எனக்குப் பழக்கம். இது ஈரமான சத்தம், நடுவே ஒரு கூச்சல், அதுவும் பாதியில் நின்றது. திரையில் அத்தான் இன்னும் கையைத் தூக்கியபடி நின்றார். பிறகு கையை இறக்கினார். கம்பியை எடுத்தார். குனிந்தார்.

"வெளிய வாய்யா. வெளிய வா," என்று வாத்தியார் திரையைப் பார்த்துக் கத்தினார். நிறுத்தும் பொத்தானை எப்போதோ அடித்துவிட்டிருந்தார். அதன் பிறகும் படம் விடவில்லை. சுழலும் பற்கள் கம்பியைப் பிடித்தன, கம்பியோடு கையை, தோளை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே போனது. இடுப்புக்குக் கீழே உள்ளது வெளியே மிஞ்சியது. வாத்தியார் தரையில் வாந்தி எடுத்தார். நான் அமைப்பைப் பழையபடி மாற்றினேன்.

"கையத் தூக்குனான் சார், நான் பாத்தேன்," என்று அவர் போலீஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். திரையில் படம் பிந்தியது பதிவில் தெரியாது; பதிவு அப்படிச் சொல்லவில்லை. அதில் அத்தான் கையைத் தூக்குகிறார், திரும்ப இறங்குகிறார், அதற்குப் பிறகுதான் பல் சுழல்கிறது. உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்தும் அமுக்கினார் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல மனிதர். அவருக்காக வருத்தப்பட்டேன்.

காரியமெல்லாம் முடிந்ததும் வீடு பழையபடி ஆகும் என்று நினைத்தேன். அக்கா பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் பாத்து வச்ச வீடுடா. நான் அங்கயே இருந்துக்கறேன். நீ உடம்பப் பாத்துக்க."

அவளை உட்கார வைத்து, உங்களிடம் சொன்ன இதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்காகச் செய்தேன் என்று தெரிந்தால் போக மாட்டாள் என்று நம்பினேன். அவள் அழவில்லை. எழுந்து பையை எடுத்தாள். வாசல் பக்கம் நடந்தவளின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன். முழங்கையைப் பிடித்தபோது உதறப் பார்த்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், இந்த நிலையில் தனியாக எங்கே போவாள்? கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அவளை உள்ளறைக்குள் அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். பூட்டினேன்.