மனுதாரர் சாலமன்

தலைமை தாங்கும் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் நடராசன் ஐயா அவர்களே, மறைந்த சாலமன் அண்ணனின் துணைவியார் ஜான்சி அக்கா அவர்களே, தரையில் அமர்ந்திருக்கும் என் உறவுகளே, எதிரே டீக்கடை வாசலில் நின்று யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களே! எல்லோருக்கும் மேரிசெல்வியின் வணக்கம்.

குரல் நடுங்குகிறது. மைக்கின் கோளாறு அல்ல.

பேனரில் 'அஞ்சா நெஞ்சர்' என்று போட்டிருக்கிறோம். நம் சங்கச் செயலாளர் சாலமன் அஞ்சாதவரா? யார் சொன்னது? வாசலில் பைக் நின்றால் விளக்கை அணைத்தவர் அவர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதவர் அவர். பயந்தார். பயந்துகொண்டே போனார்.

எதற்காக? ஒரு ஜெபக்கூடத்துக்காக.

பல வருடம் ஓலையாக நின்றது. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சுனாமி அதைக் கொண்டுபோனது. செங்கல் சுவர் வைத்து ஆஸ்பெஸ்டாஸ் போட்டோம். உடனே புகார் வந்தது. ஓலைக்குள் இருந்தவரை நாம் யார் கண்ணிலும் படவில்லை. சுவர் எழுந்ததும் பட்டுவிட்டோம். ஜெபம் நடந்தால் கல் எறிவோம் என்றார்கள் சிலர். அதிகாரிகள் வந்தார்கள். கல் எறிவோம் என்றவர்களை ஒன்றும் செய்யவில்லை. நம் கதவைப் பூட்டினார்கள்.

பிறகு சமாதானக் கூட்டம். நாற்காலி எதிர்த்தரப்புக்கு, சுவரோரம் நமக்கு. 'இனி கூடத்தைத் திறக்க மாட்டோம்' என்று எழுதி அண்ணன் முன் நீட்டினார்கள்.

"போட்டுட்டுப் போய்யா. எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்" என்றார் அதிகாரி.

"கை நடுங்குது சார். நடுங்குற கையில போட்டா, மிரட்டி வாங்கினாங்கன்னு நாளைக்கு உங்க மேலதான் பேச்சு வரும். உங்கள நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்குது."

சிரித்தது யார் தெரியுமா? எதிர்த்தரப்பில் ஒருவர்! அதிகாரி சிரிக்கவில்லை.

கையெழுத்துப் போடாமலே வெளியே வந்ததும் அண்ணன் வாந்தி எடுத்தார். தண்ணீர் கொடுத்தேன். "நீ படிச்ச பொண்ணு. சட்டத்துல நமக்கு என்னம்மா எழுதியிருக்குது?" என்று கேட்டார். அரசியல் சாசனத்தின் இருபத்தைந்தாவது பிரிவைச் சொன்னேன். எவரும் தம் மதத்தைக் கடைப்பிடிக்கலாம். ஆனால், பொது ஒழுங்குக்கு உட்பட்டு. கல்லூரியில் தேர்வுக்காகப் படித்துக் கடந்துபோன சொற்கள். அவர் கடந்துபோகவில்லை.

"அப்போ கல்லு எடுக்கிறவன்தானே ஒழுங்கக் கெடுக்குறான்? அவன் கையப் பிடிக்காம நம்ம வாய ஏன் பூட்டுறாங்க?"

எத்தனை மொழி, எத்தனை சாமி உள்ள நாடு இது! எண்ணிக்கையில் குறைந்தவருக்கும் சம உரிமை என்று எழுதிவைத்த நாடு! எழுதியது காக்கும். ஆனால் தானாக நடந்து வராது. ஒருவர் போய்க் கூப்பிட வேண்டும். அவருக்குப் பெயர் வேண்டும், தகப்பன் பெயர் வேண்டும், முகவரி வேண்டும். அந்த முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உயர்நீதிமன்றத்தில் நாம் போட்ட மனுவில் அந்தப் பெயர் சாலமன். ஒரே பெயர்.

போன செவ்வாய்க்கிழமை உப்பு வாரிக்கொண்டிருந்தவர் பாத்தியிலேயே விழுந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். நம்புகிறோம். நம்பினாலும், அன்றிலிருந்து நம் தெருவில் பிள்ளைகளைத் தனியே அனுப்புவதில்லை.

நேற்று வக்கீல் போன் செய்தார். மனுதாரரின் இடத்துக்கு வேறொருவர் வர வேண்டும். வராவிட்டால் வழக்கு அவரோடு முடியும். பூட்டு அப்படியே இருக்கும்.

ஜான்சி அக்காவிடம் கேட்டேன். "ரெண்டு பொண்ணுங்கள வச்சிருக்கேன்டி. அவரக் குடுத்தது போதாதா?" என்றார். போதும் அக்கா. யார் உங்களைக் கேட்க முடியும்?

"எம்பேரப் போட்டுக்கம்மா" என்றார் தலைவர் ஐயா. நன்றி ஐயா. உங்கள் கோயிலை யாரும் பூட்டவில்லை. வழிபாடு தடுக்கப்பட்டவரே கேட்க வேண்டும் என்கிறார் வக்கீல்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் எல்லோரும் கை உயர்த்திச் சபதம் எடுப்போம். பிறகு வீட்டுக்குப் போவோம். உயர்த்திய கைகளை மனுவில் சேர்க்க முடியுமா?

நான் மேரிசெல்வி. அந்தோணிராஜ் மகள். தெற்குத் தெரு, கடைசி வீடு. நாளை சென்னைக்குப் போய் அண்ணனின் இடத்தில் என் பெயரைக் கொடுக்கிறேன். அவருக்கு என் அஞ்சலி இதுதான்.

அப்பா, தலை குனியாதீர்கள். முன்பே சொல்லியிருந்தால் என்னை மேடையேற விட்டிருக்க மாட்டீர்கள்.

கைதட்ட வேண்டாம். பயமாக இருக்கிறது. இருட்டுவதற்குள் யாராவது என்னை வீடுவரை கொண்டுபோய் விடுங்கள்.