மூன்றாவது பிரேக்

இரட்டைச் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவளுக்கு இயற்கைக் காட்சி என்று எதுவும் கிடையாது, தம்பி. எந்த மலையானாலும், எந்தப் பள்ளத்தாக்கானாலும், கண்ணுக்கு முன்னால் இருப்பது கணவரின் முதுகுதான். வடக்கு யார்க்‌ஷயர் முழுவதையும் அந்த முதுகுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்றுதான் நான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை. முதுகு பேசாது. பேசியதெல்லாம் அதற்கு மேலே இருந்த தலை.

நீங்கள் சைக்கிள் ஓட்டாதவர் என்று பார்த்தாலே தெரிகிறது, அதனால் விளக்கிவிடுகிறேன். இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல். திருப்புவதும் கியர் மாற்றுவதும் முன்னால் இருப்பவர் வேலை. வழக்கமான இரண்டு பிரேக்கும் அவர் கையில். ஆனால் மலைப்பக்கம் ஓட்டுகிறவர்கள் மூன்றாவதாக ஒன்று வைத்துக்கொள்வார்கள், நீண்ட இறக்கத்தில் சக்கரம் கொதித்துப்போகாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே வருவதற்கு. அது பின்னால் இருப்பவர் கையில் இருக்கும். அதைப் பற்றிக் கேட்கத்தான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து இந்த ஆஸ்பத்திரித் தேநீரை எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கேளுங்கள். என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

டெஸ்மண்ட் நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, என் பிறந்தநாளை ஒருமுறைகூட மறந்தது கிடையாது. அவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு, இன்றைக்கும் உண்டு. பேசுவார், அவ்வளவுதான். குடிநீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாலையோரம் ஒரு மதகைக் கண்டால் போதும், அதைக் கட்டியவன் யார், அவன் செய்த தப்பு என்ன என்று ஆரம்பித்து அடுத்த மதகு வரும்வரை விடமாட்டார். எங்கள் வட்டாரத்தில் மதகுக்குப் பஞ்சமே இல்லை.

"முரியல், அங்க பாரு. அவ்ளோ சின்னக் குழாய் அந்த ஓடைக்கு எப்படிப் பத்தும்? நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டானுங்களா?"

"ஆமா, டெஸ்மண்ட்" என்பேன். எதிர்க்காற்றில் அது அவர் காதில் விழாது. விழாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அது முதல்முறை நடந்தது தார்ன்பி ஏற்றத்தில். வீட்டுக் கூரையைப் போல நிமிர்ந்து நிற்கும் சாலை. பாதி ஏறியிருப்போம். "அந்தக் காலத்து வார்ப்பிரும்பு இருக்கே" என்றவர் அதற்கு மேல் போகவில்லை. மூச்சு மட்டும்தான் வந்தது. கொஞ்சம் பயந்துபோனேன். பிறகு மேலே எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. வானம்பாடி. எங்கள் ஊரில் வானம்பாடி உண்டு என்பதே கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உச்சிக்கு வந்தபோது கண் கலங்கியிருந்தது. குளிர்காற்று என்று டெஸ்மண்ட் கைக்குட்டை கொடுத்தார்.

அதன் பிறகு வழி தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வரைபடத்தில் செங்குத்தான சாலைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். ரொம்பச் செங்குத்து என்றால் இரண்டு. எங்கள் சைக்கிள் கிளப்பின் மற்றப் பெண்கள் தேநீரோடு தின்ன ஸ்கோன் ரொட்டி நன்றாக இருக்கும் கடையைத் தேடுவார்கள். நான் இரட்டை அம்பைத் தேடினேன். கிளப் செயலாளர் வெர்னன் அதிசயப்பட்டுப் போனார்.

"என்னய்யா டெஸ்மண்ட், உன் பொண்டாட்டி மலைன்னா இந்தப் பறப்பு பறக்குறா? எங்க வீட்டு அம்மா ரயில் பாலத்துல ஏறுறதுக்கே மூணு தடவ முனகுவா."

கெடுதல் என்னவென்றால், மலை ஏறினால் உடம்பு தேறிவிடும். டெஸ்மண்டின் தொப்பை கரைந்தது, மூச்சு நிதானப்பட்டது. ஒரு வசந்த காலத்து ஞாயிறு, தார்ன்பி ஏற்றத்தின் நட்டநடுவில், சாக்கடை மூடிகளைப் பற்றி ஒரு முழு வாக்கியம் கேட்டது. அது முடிந்து அடுத்ததும் ஆரம்பமானது.

என் பிரேக்கை ஒரு விரலால்தான் பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை, கொஞ்சம் கனத்தது. பேச்சு அறுந்தது. எனக்கு அது நாகரிகமான வழியாகவே தோன்றியது. சில வீடுகளில் தட்டு பறக்கிறது.

அவர் அதை மூப்பின் கோளாறு என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? முதலில் வெண்ணெயை விட்டார், பிறகு காலைச் சாப்பாட்டில் பன்றி இறைச்சியை விட்டார். லேசான சக்கரங்கள் வாங்கினார். சுமை குறையட்டும் என்று பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். என்னுடையதையும் அறுத்தார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த இதயம் ஒரு குதிரைக்கு இருக்க வேண்டியது என்றார். டெஸ்மண்ட் நம்பவில்லை, தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று வீடு வந்து உயில் எழுதினார். எல்லாம் என் பெயருக்கு.

ஒருநாள் மலைமேல் ஒரு கல்சுவரில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

"முடியல முரியல். நான் காலி. முன்னாடி உக்கார வேற தெம்பான ஆளாப் பாத்துக்கம்மா."

"அசடு மாதிரிப் பேசாதீங்க" என்று தோளில் கை வைத்து ஓட்ஸ் கேக்கைப் பிட்டுக் கொடுத்தேன். பிரேக் பிடித்த அதே கைதான். மனசு சங்கடப்பட்டது, பொய் சொல்லமாட்டேன். மீதி வழிக்கு விரலை எடுத்துவிடுவது என்று முடிவெடுத்து, அப்படியே செய்தேன். சைக்கிள் பறந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கூவினார். அந்தச் சந்தோஷத்திலேயே பேச ஆரம்பித்தார். அடுத்த பண்ணை வருமுன் விரல் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எங்கள் கிளப்பில் மலையேற்றப் பந்தயம் உண்டு. ஒவ்வொருவராகத் தனிச் சைக்கிளில் ஏற வேண்டும். இருபுறமும் ஜனங்கள் நின்று சட்டிபானையைத் தட்டுவார்கள். போன வருடம் டெஸ்மண்டின் சோர்வைப் போக்க வெர்னன் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார். "சும்மா ஏறு. கடைசியா வந்தா பீர் என் கணக்கு" என்றார்.

யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்காக, பிடித்த பிரேக்கோடு இரண்டு ஆளை மலைக்கு இழுத்த மனிதர். அன்று பின்னால் யாருமில்லை. அவர் வயதில் பாதிகூட ஆகாத பையன்களை ஓரங்கட்டிவிட்டு முதலாவதாக வந்தார். நேரம் பார்த்தவர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். டெஸ்மண்ட் எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் உன்னாலதான்" என்றார். அது உண்மை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை சாயங்காலம் வரை நீடித்தது. அதற்கு மேல், மதகோடு அந்த மலையும் சேர்ந்துகொண்டது. கஞ்சி குடிக்கும்போது முதல் வளைவு, பாத்திரம் கழுவும்போது இரண்டாவது, படுக்கையில் உச்சி. சைக்கிளில் ஏறினால் மறுபடி முதலிலிருந்து. இப்போது நான் பிரேக்கை முழுக்க இறுக்கினாலும் பிரயோசனமில்லை. "காத்து கொஞ்சம் எதிர்க்குதோ?" என்பார், பேசிக்கொண்டே ஏறிவிடுவார். இனி இந்த நாட்டில் அவரை வாயடைக்கவைக்க ஒரு மலை இல்லை என்று எனக்குப் புரிந்தது. அன்றிரவு தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

இனி நீங்கள் கேட்க வந்த நாள். தார்ன்பியின் மறுபக்க இறக்கம். அடிவாரத்தில் சாலை சடக்கென்று திரும்பும். திருப்பத்தில் ஒரு பண்ணை. வேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"முரியல், உன் பிரேக்கப் பிடி" என்றார்.

பிடிக்கத்தான் போனேன். கை அங்கேதான் இருந்தது.

"பிடிச்சுக்கிட்டே கேளு. அன்னிக்கு அந்த மூணாவது வளைவுல என்ன ஆச்சுன்னா" என்றார்.

நான் கைகளைக் கட்டிக்கொண்டேன். வாசலில் நின்ற பண்ணைக்காரர் உங்களிடம் சொன்னது சரிதான். பிரேக்கில் கோளாறு எதுவுமில்லை என்று சைக்கிள் மெக்கானிக் சொன்னதும் சரிதான். அந்த இறக்கத்துக்கு அவர் கையில் இருந்த இரண்டு பிரேக் மட்டும் போதவில்லை. டெஸ்மண்ட் மூன்றாவது வளைவுக் கதையைப் பாதியில் விட்டார். இறக்கத்திலும் அவர் வாய் மூடும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை மலை ஏறியிருக்கவே வேண்டியதில்லை. சுவரைத் தாண்டி நான் எருக்குவியலில் விழுந்தேன். அவருடைய தாடை மாட்டுத்தொட்டியில் மோதியது.

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். சில வாரமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறேன், உறிஞ்சுகுழலில் சூப் கொடுக்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே மன்னிப்புக் கேட்கிறார். தான்தான் கண்மண் தெரியாமல் ஓட்டிவிட்டதாக நினைப்பு. நான் மன்னித்துவிட்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு நல்ல நாட்கள் இருந்ததில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் மறுத்தால் வழக்கு நடக்கும். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பேசச் சொல்வீர்கள். பாவம், நீதிபதிக்கும் வீடு வாசல் இருக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகப் போடுங்கள். எனக்காக நான் எதையும் செய்யவில்லை. அந்த இதயத்தைக் குதிரை இதயமாக்கியது யார்? இன்று காலையில்கூட, வியாழக்கிழமை கம்பியை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொன்னபோது, "அவசரப்படாதீங்க டாக்டர், எலும்பு விஷயம், இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே" என்று நான்தான் கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இப்படி ஒரு மனைவி அமைய உங்கள் கணவர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். நான் மறுக்கவில்லை.