பச்சையை வலப்பக்கம் தள்ளியவன்

கேமராவுக்குக் கண் உண்டே தவிர ரசனை கிடையாது, சார்ஜென்ட். எங்கள் குடாவை எத்தனை முறை எடுத்தாலும் நடுவில் ஒரு பாசிப்பச்சைப் பட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரும். கணினியில் பச்சைக்கென்று ஒரு குமிழ் இருக்கிறது. அதை வலப்பக்கம் தள்ளினால் பச்சை நீலமாகும். பதினெட்டு வருடமாக நான் செய்வது இந்த வேலைதான். யாரும் குறை சொன்னதில்லை.

நெவிலைத் தவிர. இங்கே உயிர்காப்புச் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். இருபக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது, நடுவில் அலையே இல்லாமல் பச்சையாகக் கிடக்கிற இடத்தில்தான் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடும். இறங்கியவரையும் இழுத்துக்கொண்டு போகும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது நடக்கப் பழகும்போதே தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் சாதுவான இடமாகப் படும். என் படத்தைப் பெரிதாக்கிக் கார் நிறுத்துமிடத்தில் மாட்டிய அன்றே நெவில் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அந்தப் பச்சை ஒண்ணுதான்யா அவங்களுக்கு எச்சரிக்கை. நீ என்னடான்னா அதைப் போய் நீச்சல்குளம் மாதிரி ஆக்கி வெச்சிருக்க. யாராவது போய்ச் சேர்றதுக்குள்ள மாத்திடு."

சரி என்றேன். மாற்றிப் பார்க்கவும் செய்தேன். கன்னத்தில் கன்றிப்போன காயம் மாதிரி இருந்தது. மனசு வரவில்லை.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடற்கரையில் உயிர்காப்பாளர் காவல் இல்லாத நாள், கார்லா வந்தாள். இருபத்திரண்டு வயது. கடலே இல்லாத பெண்டிகோ ஊர்க்காரி, கடலுக்குப் புதுசு. கையில் என் படம் போட்ட அஞ்சலட்டை. பாறைமேல் கேமரா முக்காலியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இந்த நீலம் எங்க இருக்கு? இங்கேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியலையே" என்று கேட்டாள்.

அவள் போட்டிருந்தது மஞ்சள் நீச்சலுடை. நீலத்தின் நடுவே மஞ்சள் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கையை நீட்டி இடத்தைக் காட்டினேன். பன்னிரண்டு படம் எடுத்தேன். ஆறாவதிலிருந்து கையை ஆட்டுகிறாள். பன்னிரண்டாவதில் மஞ்சள் இல்லை.

கிழக்கே அலைப் பக்கமாகப் போனாள் என்று அன்று உங்களிடம் சொன்னது பொய்.

அவள் அப்பா டெஸ்மண்ட் கடைசிப் படத்தைக் கேட்டு வந்தார். வழக்கம்போலத் திருத்தித்தான் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் நிஜமாகவே இந்த நிறம்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அப்ப சந்தோஷமாத்தான் கை ஆட்டியிருக்கா எம்பொண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் செய்த ஒரு நல்ல காரியம் அது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதன்பிறகு மலையைத் திருத்தினாலும் காட்டைத் திருத்தினாலும், பச்சையைத் தள்ளியதும் எங்கோ ஒரு மஞ்சள் புள்ளி மிஞ்சுகிறது. பெரிதாக்கினால் கை ஆட்டுகிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றுமே இல்லையே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நேற்று டெஸ்மண்ட் போன் செய்தார். கார்லாவின் சாம்பலை அந்த நீலத்தில்தான் கரைக்க வேண்டுமாம். சின்னவள் பிப்பாவுக்கு ஒன்பது வயது. அவளும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் போகிறாளாம். அலைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம் என்று எனக்கே தைரியம் சொன்னார். இன்று எத்தனை மணிக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். பதினொன்று என்றேன். வெளிச்சம் அப்போதுதான் சரியாக விழும்.

இப்போது பத்து ஐம்பது. யாரையாவது அனுப்புங்கள், அதற்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். முக்காலியைப் பாறைமேல் நிறுத்திவிட்டு வரும் வழியில் நெவிலைப் பார்த்தேன். அவனிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே அங்கே ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிடுவான். அது படத்தில் விழும்.