கப்பலுக்குள்ளே ஆட்டுக்கல்

பாவாயி: தண்ணி குடிக்கற சாக்குல கெணத்துக்கிட்ட வந்துட்டீங்க. சரி... உள்ளார பெரியவங்க பேசி முடிக்கறதுக்குள்ள கேட்டுப்போடறேன்.

வெள்ளியங்கிரி: எ... என்னத்தைங்க அம்மிணி?

பாவாயி: பொண்ணு பாக்க வந்திருக்கறது கப்பல் படைக்காரருன்னு தரகர் சொன்னாரு. எத்தனை ஜப்பான் கப்பலை முழுகடிச்சீங்க?

வெள்ளியங்கிரி: ஒண்ணுமில்லீங்க.

பாவாயி: ஒண்ணு கூடவா?

வெள்ளியங்கிரி: நான் கப்பல்லயே இல்லீங்க. ஏத்துன மொத நாளே வாந்தி... கரையில ஒரு தகரக் கொட்டாயில உக்கார வெச்சுட்டாங்க.

பாவாயி: பீரங்கி சுடறீங்கன்னு எங்கய்யன்கிட்ட...

வெள்ளியங்கிரி: அது தரகர் சுட்டதுங்க. எனக்கு வேலை, கேக்கறது.

பாவாயி: என்னத்தை?

வெள்ளியங்கிரி: நம்ம கப்பலு தண்ணிக்கடியில போடற சத்தத்தை.

பாவாயி: நம்ம கப்பலையா? எதிரி கப்பலைக் கேட்டாலும் ஒரு நாயம் இருக்குது!

வெள்ளியங்கிரி: இல்லீங்க... சத்தம் பட்டாலே வெடிக்கற குண்டை எதிரிக்காரன் கடலுக்கடியில போட்டிருப்பான். நம்ம கப்பலு எந்த அளவுக்குச் சத்தம் போடுதுன்னு தெரிஞ்சா, அதைக் கொறைச்சுப் பொழைச்சுக்கலாம்.

பாவாயி: சத்தத்தை எப்படிங்க அளக்கறது? படியிலயா, முழத்துலயா?

வெள்ளியங்கிரி: சிரிக்காதீங்க... இரும்புக் குடுவையில காது மாதிரி ஒரு கருவி. அதைக் கடலுக்கடியில எறக்கிருவோம். அதுல இருந்து கம்பி எங்கொட்டாய்க்கு வரும். மொதல்ல கப்பலே இல்லாத நேரத்துல வெறுங்கடலை அளக்கோணும்.

பாவாயி: வெறுங்கடலு சத்தம் போடுமாக்கும்?

வெள்ளியங்கிரி: நெம்ப! எறா மீனுக கூட்டமா இருந்தா, எண்ணெயில கடுகு போட்டாப்பல பொரியும். அதைக் குறிச்சுக்கிட்டு, பொறவு கப்பலை அதும்மேல ஓட்டச் சொல்லுவோம். மெதுவா ஒருவாட்டி, வேகமா ஒருவாட்டி. கடியார முள்ளாட்டம் ஒரு முள்ளு ஏறும். எழுதிக்குவோம்.

பாவாயி: அவ்வளவுதானா?

வெள்ளியங்கிரி: அவ்வளவுதான்னா... போன மாசம் ஒரு சின்னக் கப்பலு. எஞ்சினை நிறுத்தியாச்சு. ஆனாலும் கர்ர்ர்... கர்ர்ர்னு முள்ளு முப்பத்திரண்டுலயே நிக்குது. எங்க வெள்ளைக்காரத் தொரை எஞ்சினை ரெண்டுவாட்டி கழட்டி மாட்டச் சொன்னாரு.

பாவாயி: என்னவாம்?

வெள்ளியங்கிரி: நானே வாயைப் பொத்திக்கிட்டுப் படகுல போயிப் பாத்தேன். சமையல்காரரு அடித்தட்டு இரும்புத் தகட்டு மேல ஆட்டுக்கல்லை வெச்சு, தோசைக்கு மாவாட்டறாரு!

பாவாயி: அட சாமி!

வெள்ளியங்கிரி: தூக்கிக் கடல்ல போடுன்னுட்டாரு தொரை. அந்தாளு கல்லைக் கட்டிப்புடிச்சு அழுவறாரு. நாந்தான் சாக்கை நாலா மடிச்சு அடியில போட்டு, மறுபடி ஆட்டச் சொல்லி அளந்தேன். முள்ளு ஒம்பதுக்கு எறங்கிப்போச்சு. கல்லும் பொழைச்சுது, கப்பலும் பொழைச்சுது.

பாவாயி: அந்தச் சமையல்காரரு பேரென்னங்க?

வெள்ளியங்கிரி: பேரு... மறந்துபோச்சுங்க.

பாவாயி: முள்ளு முப்பத்திரண்டுல நின்னது ஞாபகம் இருக்குது. பேரு மறந்துபோச்சா?

வெள்ளியங்கிரி: இன்னுங்கொஞ்சம் தண்ணி ஊத்துங்க அம்மிணி.

பாவாயி: ஆளு எப்படி? ஒடம்பு கிடம்பு...

வெள்ளியங்கிரி: நல்லாத்தான் இருக்கறாரு. அதேனுங்க கேக்கறீங்க?

பாவாயி: சும்மாத்தான். காதெல்லாம் செவந்துபோச்சே உங்களுக்கு?

வெள்ளியங்கிரி: அம்மிணி... ஒண்ணு சொன்னா உள்ளார போயிச் சொல்லிப்போட மாட்டீங்களே?

பாவாயி: சொல்லுங்க.

வெள்ளியங்கிரி: அது உங்க அண்ணன் வீரபாகுங்க.

பாவாயி: மாவாட்டறது எங்கண்ணனா?

வெள்ளியங்கிரி: ரெண்டு வருசத்துக்கு முந்தி உங்கய்யன்கிட்ட சண்டை போட்டுட்டு ஓடினவரு நேராப் படையில சேந்துட்டாராம். "எங்கூரு பக்கம்தானே லீவுல போற? மாப்பிள்ளையாட்டம் போயி, அய்யனுக்குக் கோவம் ஆறிப்போச்சான்னு மட்டும் பாத்துட்டு வா. எம்பேரை எடுத்துப்போடாதே"ன்னாரு.

பாவாயி: அப்ப நீங்க வந்தது பொண்ணு பாக்க இல்லை. வேவு பாக்க!

வெள்ளியங்கிரி: கத்தாதீங்க! வந்தது வேவு பாக்கத்தானுங்க... உங்களைப் பாத்ததுக்கப்பறம்...

பாவாயி: பாத்ததுக்கப்பறம்?

வெள்ளியங்கிரி: லீவு இன்னும் ஒம்பது நாளு இருக்குது. அதுக்குள்ள முகூர்த்தம் ஏதாச்சும் இருக்குமாங்க?

பாவாயி: மொதல்ல வந்த வேலைய முடிங்க. எங்கய்யன் அண்ணன் பேரை எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு. ஆனா தெனமும் சாப்பிட உக்காந்தா, அண்ணனுக்கும் ஒரு தட்டு வெக்கச் சொல்லுவாரு. அதைப் போயி அண்ணன்கிட்ட சொல்லுங்க.

வெள்ளியங்கிரி: சொல்றேனுங்க. ஆனா... அண்ணன் உசுரோட இருக்கறதைக் கேட்டு நீங்க அழுவீங்கன்னு நெனச்சேன். சிரிக்கறீங்களே?

பாவாயி: என் சிநேகிதி ஆராயி ஊட்டு விலாசத்துக்கு மாசாமாசம் அண்ணன் கடுதாசி எனக்கு வந்துட்டுத்தானுங்க இருக்குது. போன கடுதாசியில எழுதியிருந்தாரு: "ஒருத்தனை அனுப்பறேன். வேவு பாக்கத்தான் அனுப்பறேன்னு அவன் நெனச்சுக்கிட்டு வருவான். நான் அனுப்பறது மாப்பிள்ளையத்தான். நல்லாப் பாத்துக்க"ன்னு. உள்ளார போயி எங்கய்யன்கிட்ட, பொண்ணு புடிச்சிருக்குதுன்னு சொல்லுங்க... மாப்பிள்ளை புடிச்சிருக்குதுன்னு நான் நேத்தே சொல்லிப்போட்டேன்.