டிராயருக்குள் ஏழு மாதம்

மேடையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, ஏரிப் பாதுகாப்புக் குழுவிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஃபோர்மேன் வீட்டம்மா அவர்களே, அவருடைய மகளே, இந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மூன்று ஷிஃப்டிலும் பாடுபடும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் ஆய்வக வேதியியலாளனின் வணக்கம்.

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். மறைந்த நம் ஃபோர்மேன் அவர்களைப் பற்றி ஆறு பேரும் உருகிப் பேசினார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. நான் அவரோடு இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவன். அந்த இருபத்தாறு ஆண்டும் அவரைப் பார்த்து வயிறெரிந்தவன். அதை மறைத்துக்கொண்டு எவ்வளவு புகழ்ந்தாலும் அது பாதி உண்மைதான்.

ஏன் எரியாது? நாம் அவரை மூக்கர் என்றுதான் அழைத்தோம். காற்றடிக்கும் தொட்டியின் ஓரத்தில் நிற்பார். அதற்குள் காற்றை ஊதும் ப்ளோயரை நிறுத்துவார். நுரை அடங்கியதும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து ஒரே ஒரு மூச்சு இழுப்பார். "பசியா இருக்குதுங்க" என்பார். இல்லாவிட்டால், "தின்னது செரிக்கலைங்க" என்பார். தொட்டியில் அழுக்கைத் தின்று வாழும் நுண்ணுயிர்களைத்தான் சொல்கிறார். அதையே நான் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சாம்பிளைப் புட்டியில் அடைத்து, இருட்டுப் பெட்டியில் வைத்து, ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் என் அறிக்கை என்ன சொல்லும்? தின்றது செரிக்கவில்லை என்று சொல்லும்.

அந்த அறிக்கையைப் பழைய பொறியாளரிடம் நீட்டுவேன். அதன்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு, "மூக்கர் என்ன சொல்றார்?" என்று கேட்பார். அலுவலகத்தில்தான் இப்படி என்றால் வீட்டிலும் இதே கதை. குழாய்த் தண்ணீரில் வாடை அடித்தால் என் மனைவி, "அந்த ஃபோர்மேனைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்களேன்" என்பாள். வேதியியலில் இரண்டு பட்டம் வாங்கியவன் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் நாம் வெளியே விட்ட தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், நாறாது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத உரம் கரைந்திருந்தது. நைட்ரஜன், பாஸ்பரஸ். வயலில் போட்டால் பயிர் வளரும். ஏரியில் விட்டால் பாசி வளரும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஒவ்வொரு கோடையிலும் நம் ஏரியில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது ஏன்? நாம்தான் தினமும் அந்த ஏரிக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தோம். புதுத் தொட்டி கட்ட இடமில்லை. வழி தெரியாமல் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் அவர் அந்தத் தவறைச் செய்தார்.

ஒரு நாள் முற்பகல், வழக்கம்போல முகர்ந்து பார்ப்பதற்காக மூன்றாம் தொட்டியின் ப்ளோயரை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து, மகள் பள்ளியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள் என்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். திரும்பி வந்தபோது இரண்டு மணி நேரமாகக் காற்று இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு, பதிவேட்டில் "என் மறதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நேராக என்னிடம் வந்தார். "எவ்வளவு கெடுத்து வச்சிருக்கேன்னு பாருங்க லேப் சார்" என்றார்.

நான் எவ்வளவு சந்தோஷமாக அந்தச் சாம்பிளை எடுத்தேன் தெரியுமா? இருபத்தாறு ஆண்டில் அப்படி ஓடி ஓடி நான் வேலை செய்ததில்லை. மூக்கர் சறுக்கிவிட்டார், அது என் கையெழுத்தோடு அறிக்கையாகப் போகப்போகிறது என்ற சந்தோஷம்.

முடிவு வந்தது. ஏரிக்கு உரமாகப் போய்க்கொண்டிருந்த நைட்ரேட் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கருவி தப்பு என்று நினைத்து மறுபடி பார்த்தேன். மூன்றாம் தடவையும் அதே எண். காற்று நின்றதும் அந்த நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசித்திருக்கின்றன. மிஞ்சிய நைட்ரஜன் குமிழியாகக் காற்றோடு போய்விட்டது. புத்தகத்தில் உள்ள விஷயம்தான். நானே பரீட்சையில் எழுதித் தேறிய விஷயம். நம் பழைய தொட்டியில் ஒரு சுவிட்சை அணைத்தால் அது நடக்கும் என்று என் படிப்புக்குத் தோன்றவில்லை. அவருடைய மறதிக்குத் தோன்றிவிட்டது.

தோழர்களே, அந்தத் தாளை நான் என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவரிடம், "பெரிசா ஒண்ணும் கெடலை, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். செய்த தவறுக்குக்கூட இந்த மனிதருக்கு மாலை விழவேண்டுமா என்ற ஆத்திரம். வேறு காரணமே இல்லை.

அந்தக் கோடையில் ஏரி முழுக்கப் பச்சையாகிவிட்டது. குடிநீர் எடுப்பதைப் பதினொரு நாள் நிறுத்தினார்கள். செத்த மீனை அள்ள ஆள் கிடைக்கவில்லை. யார் அள்ளியது? அந்த மூக்கை வைத்துக்கொண்டு, அதில் துணியைக் கட்டிக்கொண்டு, பதினொரு நாளும் படகில் நின்று அவர்தான் அள்ளினார். கரையில் நின்று நான் பார்த்தேன். என் சட்டைப்பையில் டிராயர் சாவி இருந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் கொடுத்தேன். திரும்பத் திரும்பச் சோதித்து இப்போதுதான் உறுதியானது என்று பொய் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். மறுநாளே மூன்று தொட்டிகளிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் காற்றை நிறுத்த ஆரம்பித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையாலேயே சுவிட்சை அணைப்பார். நான்கே ஆண்டில் ஏரியின் அடி தெரிந்தது. பாராட்டு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "லேப் சார் சொல்லலேன்னா எனக்கு என்னங்க தெரியும்?" என்று கேட்டு, என்னை எழுந்து நிற்கவைத்தார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

சற்றுப் பொறுங்கள். அந்த இரைச்சல் நின்றதைக் கவனித்தீர்களா? ப்ளோயர் நின்றிருக்கிறது. இன்னும் நாற்பது நிமிடம் நிற்கும். இந்த அமைதிதான் அவர் நமக்கு விட்டுப்போனது. இதற்குள்ளேயே மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய், இதோ முதல் வரிசையில் இருக்கும் அவர் வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "மூணு தொட்டியையும் நிறுத்தப் போறேன்னு வந்து சொன்னாருங்க அண்ணா. வேலை போயிடப் போகுதுன்னு நான் சண்டை போட்டேன். அதுக்கு அவர், 'லேப் சார் ஏழு மாசம் பார்த்துட்டுக் குடுத்த எண்ணு. அது தப்பாகுமா? என் மூக்கை நான் நம்பமாட்டேன், அந்த ஆளை நம்புவேன்'னார்."

கேட்டீர்களா? என் வயிற்றெரிச்சலை அவர் என் நிதானம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பொய்யின் மேல் காலை ஊன்றி நின்றுதான் ஏரியைக் காப்பாற்றியிருக்கிறார். செத்த பிறகும் என்னை ஜெயிக்கிறார். இதற்கும் எனக்கு எரியத்தான் செய்கிறது.

வழக்கமாக இந்த இடத்தில், அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பார்கள். நான் அதை வாயால் எடுக்கப்போவதில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு அந்த இடத்துக்கு வந்த நம் புதிய ஃபோர்மேன் அம்மா, அதோ தூண் பக்கம் நிற்கிறார். ஏரிக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கும் பாஸ்பரஸ், கசடு பிழியும் இயந்திரத்திலிருந்து வடியும் தண்ணீரில்தான் திரும்பத் தொட்டிக்கே வருகிறது என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். இல்லவே இல்லை என்று மூன்று வாரமாக நான் அடித்துப் பேசுகிறேன்.

இன்று காலை பத்து மணிக்கு அந்தத் தண்ணீரின் சோதனை முடிவு வந்தது. அவர் சொன்னதுதான் சரி. இப்போது மணி பதினொன்றே கால். ஒன்றே கால் மணி நேரமாக அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது.

ஃபோர்மேன் அம்மா, மேடைக்கு வாங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எனக்கு மனசு மாறிடும். வந்து வாங்கிக்குங்க.