ஏரிக்கரை மரங்களில் வெள்ளைக் கோடு

— அறுபத்தெட்டு மரத்துலயும் நான் போட்ட கோட்டச் சுரண்டிட்டியா, சின்னத்தாயி? ஒன்னு கூடவா விடல?

— விடலங்க ஹியூபர்ட் ஐயா. மூணு நாளா, பால்மரம் சீவி முடிச்சிட்டு, இதே உளிய வச்சுச் சுரண்டுனேன். பட்டையில ஒரு கீறல் காட்டுங்க பாப்பம்.

— ஏன் சுரண்டுன?

— நல்லாக் கேட்டீங்க. எங்க தோட்டத்துல கெழட்டு ரப்பருக்குத்தான் வெள்ளக் கோடு போடுவாங்க. மறுவாரம் கோடாலி வரும். ஏரியச் சுத்தி நீங்க கோடு போட்டதப் பாத்து, இதையும் வெட்டப் போறீங்கன்னு நெனச்சேன்.

— அட கடவுளே. அதாவது, காட்டிலாகா வழக்கம் நேர் மாறு. நாங்க கோடு போட்டா அங்கேருந்து தண்ணி வரைக்கும் ஒரு மரத்துலயும் கை வைக்கக் கூடாதுன்னு அர்த்தம்.

— என்னங்க சொல்றீங்க?

— கம்னிஸ்காரன் ஒளியுறான்னு ஏரிக்கரைய மொட்டையடிக்கச் சொல்லிட்டான் பட்டாளத்துக்காரன். பாறைக்கரைய மட்டும் விட்டுருங்க, காட்டுச் சீவனுக்குக் காவல் நெலமா இருக்கட்டும்னு ரெண்டு வருஷமா மனு மேல மனு எழுதுனேன். அதாவது, போன வாரந்தான் ஒத்துக்கிட்டாங்க. நாளைக்குக் காலையில சுங்கை சோவுலேருந்து வெட்டுற ஆளுங்க லோரியில வர்றாங்க. கோடு இல்லன்னா தண்ணி வரைக்கும் வெட்டிருவாங்க.

— ஐயோ, நானே கொன்னுட்டனா.

— இந்தக் கரைக்கு நீ எதுக்கு வர்ற? யாராச்சும் சுட்டாக் கூட கேக்க ஆளில்ல.

— ஒருநா வாளி கழுவ வந்தேன். அந்தப் பெரிய பாறை மேல காட்டெருமை நின்னுச்சு லா. செவுரு மாதிரி ஒடம்பு, கால்ல மட்டும் வெள்ளச் சோடு போட்டாப்ல. கன்னுக்குட்டியோட பாறை பாறையா எறங்கி வந்து தண்ணி குடிச்சிச்சு. கையிலேருந்து வாளி விழுந்தது கூடத் தெரியல. எனக்கு அழுக வந்துருச்சுங்க, ஏன்னு தெரியாது. நாங்க குடியிருக்குற லயத்தச் சுத்தி முள்ளுவேலி. காட்டுல ஒளிஞ்சவனுக்கு அரிசி கொண்டு போறியான்னு வேலி கேட்டுல பட்டாளத்தான் மடியத் தடவுறான். அது மட்டும் யாரையும் கேக்காம எறங்கி வருது.

— நானும் பாத்திருக்கேன். எங்க மாதா கோயில்ல பூசை மணி அடிக்கையில முட்டி போடுவோம்ல, அதே மாதிரி பாறையில முட்டி போட்டுட்டேன். வீட்டுக்குப் போயித்தான் மொத மனு எழுதுனேன்.

— அப்ப இன்னைக்கே திரும்பக் கோடு போடுங்க லா.

— சுண்ணாம்புக்குக் கோலகுபு வரைக்கும் போவணும். அதாவது, ஆறு மணிக்கு ஊரடங்கு. எந்தெந்த மரம்னும் எனக்கு ஞாபகமில்ல.

— எனக்கு இருக்கு. மரம் சீவுறவளுக்கு மரம் மறக்குமா? இந்தாங்க, ரெண்டு வாளி ரப்பர் பாலு. வெள்ளையாத்தான இருக்கு.

— ஸ்டோர்ல நிறுக்கலன்னா இன்னைக்கு உனக்குப் பேரு போட மாட்டான், கூலி போயிரும்.

— போகட்டும். துண்ட முக்கிப் பூசுங்க.

— அதாவது, சின்னத்தாயி, பாலு காஞ்சா விடியறதுக்குள்ள மஞ்சளாயிரும். அப்புறம் யாரு அதக் காட்டிலாகா கோடுன்னு நம்புவா?

— நம்ப வேணாங்க. லோரியில வர்றது பூரா நம்ம தமிழாளுங்க. மஞ்ச பூசுன மரத்துக்கு முன்னால செருப்பக் கழட்டுவானா, கோடாலியத் தூக்குவானா?